மேசைமீது வைக்கப்பட்ட பதில்

மாநிலங்களவையில் எந்தக் கட்சியையும் சேராத ஓர் உறுப்பினரின் பின்னால் சில வருஷங்கள் சுற்றியிருக்கிறேன். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் இருந்தது தில்லியில். நான் இருந்தது மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு மாடி அறையில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதும் சின்னப் பத்திரிகை எங்களுடையது. பெரிய கட்சிகளையெல்லாம் அனுபவசாலிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். "சுயேச்சை ஒருத்தர் இருக்கார், அவரை நீ பாத்துக்கோ" என்றார் ஆசிரியர், ஆறிப்போன உப்புமாவைத் தள்ளிவிடுகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு எதற்கும் சுருக்கென்றுதான் வரும்.

வீட்டில் அப்பா அதற்கும் மேல். ஆயுசு முழுக்க அரசாங்க அலுவலகத்தில் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவர். "சுயேச்சைன்னா ஏணி, தேங்காய்னு எதையாவது சின்னமா வாங்கிண்டு டெபாசிட்டைத் தொலைக்கறவன்தானே? அவன் எப்படிடி ராஜ்ய சபாவுக்குப் போனான்?" என்பார். அங்கே எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள், இவருடைய மாநிலத்தில் இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டதில் இவர் நடுவில் புகுந்து ஜெயித்தார் என்று விளக்குவேன். "அதானே பார்த்தேன்" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

அவரைப் பின்தொடர்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கட்சிக்காரர் தும்மினால்கூடப் பேப்பரில் வரும். இவர் பேசியது செய்தியின் வாலில், "மேலும் சிலரும் பேசினர்" என்பதற்குள் அடங்கிவிடும். வானொலியின் நாடாளுமன்றத் தொகுப்பில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வரி. தூர்தர்ஷனில் கேள்வி நேரத்தை நேரடியாகக் காட்டுவார்கள், ஒரு வாரம் மக்களவை, மறு வாரம் மாநிலங்களவை. மற்றபடி, அச்சான நடவடிக்கைக் குறிப்புகள் தபாலில் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். விவாதங்களில் நேரத்தைக் கட்சி பலத்தை வைத்துத்தான் பிரிப்பார்கள். இவருக்குப் பின்னால் ஒரு ஆள் கிடையாது. எல்லாரும் பேசி முடித்து, பாதிப் பேர் எழுந்து போன பிறகு இவருடைய முறை வரும். வாயைத் திறந்ததும் மணி அடித்துவிடுவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அதற்கெல்லாம் அசரவில்லை. மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். அலங்காரம் இருக்காது, கவிதை இருக்காது, யாரையும் திட்ட மாட்டார். ஒரு கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வியை வேறு சட்டை போட்டு அனுப்புவார். உடும்புப் பிடி. படிக்கப் படிக்க என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. யாராவது அவரை ஏளனமாகப் பேசினால் எனக்கு ரோஷம் வர ஆரம்பித்தது. அப்பா அதையும் விடவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே, "என்னடி, உன்னோட ஆள் இன்னிக்கு எழுந்து நின்னாரா, இல்லையா?" என்று கேட்பார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே மாதா கோயில் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள், பார்த்த உடனேயே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். கையில் பேப்பரிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்று இருந்தது. ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் முதலாளி கைவிட்ட கப்பலில் சம்பளமும் சோறும் இல்லாமல் இந்திய மாலுமிகள் சிக்கியிருப்பது பற்றி எங்கள் சுயேச்சை உறுப்பினர் கேள்வி கேட்டிருந்தார். தகவல் திரட்டப்படுகிறது என்பது பதில்.

"எங்க வீட்டுக்காரர் அந்தக் கப்பல்ல சமையல்காரர்" என்றாள். "ஊர்க்காரங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. கப்பல்ல ஒருத்தர் காய்ச்சல்ல இறந்துட்டதா இங்க ஏஜெண்டு சொல்றான். யாருன்னு கேட்டா தெரியலைங்கறான். கம்பெனிய கேளுங்கறான். கம்பெனிய எங்க போய் கேக்கறது? இந்த ஐயாவ எப்படிப் பிடிக்கறதுன்னு உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தினமும் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறாள்.

அன்றைக்கே எஸ்.டி.டி. போட்டு தில்லியில் அந்த உறுப்பினர் வீட்டைக் கூப்பிட்டேன். செயலாளர் யாராவது எடுப்பார் என்று நினைத்தேன். அவரே எடுத்தார். இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வாக்குறுதி எதுவும் தரவில்லை. "நான் கேட்டு, பதில் வந்தால் அந்த அம்மாவுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?" என்று மட்டும் கேட்டார். அச்சாகித் தபாலில் எங்களுக்கு வந்துதான் தெரியவேண்டும், நாளாகும் என்றேன். "சரி, பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

இந்தத் தடவை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுத்தார். அப்படிப்பட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், மேலே துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் யார் கேள்வி எடுபடும் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். "சீட்டுக் கம்பெனி மாதிரின்னா இருக்கு" என்றார் அப்பா. குலுக்கலில் விழுந்தது. பட்டியலில் மேலேயே இருந்தது. அந்த வாரம் டி.வி.யில் மாநிலங்களவையின் முறையாகவும் அமைந்தது. கபாலீஸ்வரருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அக்கா தன் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

கேள்வி வரும் நாளில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. இடைவேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. நான் அலுவலகத்துக்குப் போகாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். ஆரம்பமே அமளி. யாரோ எதற்கோ கத்த, யாரோ பதிலுக்குக் கத்த, அவைத்தலைவர் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கெஞ்ச, நேரம் கரைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்சிக்காரப் பாவிகளா, இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடித் தொலையுங்களேன் என்று டி.வி.யைப் பார்த்துத் திட்டினேன்.

கடைசியில் அவருடைய கேள்வியை அழைத்தார்கள். அமைச்சர் எழுந்தார். "அவையின் மேசைமீது ஓர் அறிக்கை வைக்கப்படுகிறது" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதே நேரம் கூடத்தில் போன் அடித்தது. நான் எழுந்திருப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார். "ஆமாம்மா, ஓடிண்டிருக்கு. பதிலை மேசை மேல வெச்சுட்டாளாம். அவ்வளவுதான்." போனை வைத்துவிட்டார்.

நாடாளுமன்றத்தில் மேசைமீது வைப்பது என்றால் அதிகாரபூர்வமாகத் தந்தாகிவிட்டது என்று பொருள். அந்த வாசகத்தை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் நம்மூரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். பேப்பர் மேசை மேல் இருக்கிறது என்றால் கிணற்றில் போட்ட கல், இனி அசையாது. அந்தப் பாஷையிலேயே வாழ்ந்தவர் அப்பா. மாதக்கணக்காக ஏஜெண்டு அலுவலகத்தில் அதே பாஷையைக் கேட்டவள் அக்கா.

"ஐயோ, ஏம்பா அப்படிச் சொன்னேள்?" என்று கத்தினேன். ஆனால் எழுந்து போக முடியவில்லை. திரையில் எங்கள் ஆள் எழுந்து நின்றுவிட்டார்.

இறந்தவரின் பெயரை அமைச்சர் இங்கே சொல்ல வேண்டும் என்றார். அது அறிக்கையில் இருக்கிறது, அறிக்கை மேசைமீது இருக்கிறது என்றார் அமைச்சர். மறுபடியும் சத்தம். வேறு துணைக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார் அவைத்தலைவர். நம்மவர் உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "ஐயா, மேசை நம்மிடம் இருக்கிறது. அந்தக் குடும்பங்களிடம் இல்லை. அவர்கள் இப்போது டி.வி.யில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படிக்கச் சொல்லுங்கள்."

அமைச்சர் தாளைத் தேடினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தமிழ்ப் பெயர், நாக்கில் புரளவில்லை, பாதியை விழுங்கினார். "இன்னொரு முறை, மெதுவாக" என்றார் நம்மவர். அமைச்சர் இனிஷியலிலிருந்து ஆரம்பித்து, ஊர் பேரோடு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். மற்ற அனைவரும் நலம், ஊர் திரும்ப ஏற்பாடு ஆகிறது என்று சேர்த்துச் சொன்னார்.

அது அக்காவின் கணவர் பெயர் இல்லை. திரையில் தெரிந்த எங்கள் ஆளை அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். பின்னால் ஓர் ஆள் பலம் இல்லாமல், அத்தனை பேர் நடுவில் தனியாக நின்று, ஒரு பெயரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாரே என்று நெஞ்சு விம்மியது. அப்பா போனிடம் ஓடினார். பள்ளிக்கூடத்து நம்பரைச் சுழற்றினார், எங்கேஜ்டாகவே இருந்தது. "நான் பாவிடி. ஓடு, ஆட்டோ பிடிச்சுண்டு ஓடு" என்றார்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரியா?" என்றான் ஆட்டோக்காரன், என் முகத்தைப் பார்த்து. பள்ளிக்கூடம் என்றேன். கச்சேரி ரோட்டில் போகும்போதுதான் உறைத்தது. போனதும் என்ன சொல்வது? "அவர் இல்லை" என்றா? தமிழில் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டே. மேசை ஒன்று போதாதா! வழி முழுக்க "நல்லா இருக்கார், நல்லா இருக்கார்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா வகுப்பில் இருந்தாள். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு. என்னை வாசலில் பார்த்ததும் வெளியே வரவில்லை. சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"நல்லா இருக்கார் அக்கா. வந்துண்டிருக்கார்."

பிள்ளைகள் எல்லாம் பார்க்க, பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யாரு?" என்றாள்.

பெயரைச் சொன்னேன். பாலவாக்கத்துக்காரர். அக்காவுக்கு அவர் மனைவியைத் தெரியும். ஏஜெண்டு அலுவலகத்துப் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள்.

"அவ வீட்ல டி.வி. கிடையாதும்மா" என்றாள். தலைமையாசிரியையிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "நான்தான் போய் சொல்லணும். நீயும் வர்றியா?"

பாலவாக்கத்துக்கு பஸ் ஏறினோம். சந்தோஷப்பட்ட வாயோடு எப்படிப் போய் நிற்பது என்று எனக்குக் கூசியது. கடற்கரைப் பக்கம் ஓட்டு வீடு. அந்தப் பெண் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அக்கா போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சொல்லவே தேவைப்படவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் என்னிடம்தான் கேட்டாள். "யாரு சொன்னது?"

"தில்லியில ஒருத்தர் கேட்டார்மா. அவர் கேட்டதால மந்திரி எழுந்து படிச்சார்."

"பேரையா? இனிஷியலோட?"

"இனிஷியலோட. ஊர் பேரும் சொன்னார். ரெண்டு தடவை."

"அல்லாரும் கேட்டாங்களா?"

"எல்லாரும் கேட்டாங்க. சத்தம் போட்டவங்ககூட நிறுத்திட்டுக் கேட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். "அந்த ஏஜெண்டு ஆபீஸ் வாசல்ல குந்திக்கினு கேட்டேன், பேர மட்டும் சொல்லுங்க சாமின்னு. ஒருத்தரும் சொல்லல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.