ரயில் பெட்டிக்குப் படகுப் பஞ்சு

பிள்ளைகளே, போன மார்கழியில் அப்பா நான்கு நாள் வேலைக்குப் போகாமல் ஸ்டேஷனில் கிடந்தது ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டீர்கள். "உங்கட அப்பாவுக்கு ரயில் விசர்" என்று அம்மா சொல்லி உங்களைச் சமாளித்துவிட்டாள். ரயில் பைத்தியம் என்பது பாதிதான் உண்மை. மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததில் பிழை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால், ஓடாத தண்டவாளத்தில் நிற்கும் மரப் பெட்டியை உங்களுக்குத் தெரியும். இப்போது அதற்குள் கைவிளக்கும் கொடிகளும் டிக்கட்டில் தேதி குத்துகிற பழைய மெஷினும் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறோம். நாங்கள் கை வைக்கும்போது அதற்குள் ஆடுகள்தான் குடியிருந்தன. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாதான் இதை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று ரயில்வே திணைக்களத்துக்கு எழுதினார். ஆறு கடிதத்துக்குப் பிறகு ஒரு பதில் வந்தது. மார்கழிக் கடைசியில் அதிகாரிகள் பார்க்க வருவார்கள். அதற்குள் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து மூட வேண்டும், ஆட்கள் பயமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை உடைத்து இரும்பை விற்றுவிடுவார்கள்.

கார்டு ஐயாவோடு நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். கிண்ணியாவிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற வயதான தச்சர் ஒருவர். அன்புவழிபுரத்திலிருந்து சீட்டுக்கு உறை தைக்க வந்த அக்கா. பிறகு நான். நான் துறைமுகத்துப் பக்கம் படகு திருத்துகிறவன். மரமும் தெரியும், பெயின்டும் தெரியும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிய வருவோம், இருட்டப் போவோம்.

பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் உக்கிப்போன பலகைகளைக் கழற்றிவிட்டு, நானா புதிய பலகைகளை நிமிர்த்தி நிறுத்தி அடித்தார். நான்கு கதவுகளும் பழைய தேக்கு. பெட்டி செய்த காலத்திலேயே செய்தவை. அவற்றை அவர் சுரண்டி, எண்ணெய் பூசி, வெட்டாமல் குறைக்காமல் அப்படியே திரும்ப மாட்டினார். ஐப்பசியில் வயல் விதைப்பு என்று இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. "தம்பி, நீ பெயின்ட அடி, நான் வந்து மிச்சத்தப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பெயின்ட் வாளியோடு சுவருக்குக் கிட்டப் போனேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. நகத்தை நுழைக்கலாம். மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு பொருத்திலும் அப்படித்தான். நானா போன்ற ஒரு தச்சர் ஏன் இப்படி விட்டார் என்று நினைத்தேன். விதைப்பு அவசரமாக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மழை வரப்போகிறது, உள்ளே தண்ணீர் இறங்கினால் அக்கா தைத்த உறையெல்லாம் நாறிப்போகும்.

படகில் பலகைப் பொருத்துக்குள் பஞ்சைத் திரித்து வைத்து, மொட்டை உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவோம். கலப்பத்து என்று சொல்வது அதைத்தான். எனக்குச் சோறு போடுகிற வேலை. அந்த இரண்டு ஞாயிறும், நடுவில் மூன்று பின்னேரமும், பெட்டி முழுவதுக்கும் கலப்பத்து அடித்தேன். அதற்கு மேலே பெயின்டும் பூசினேன். நானா திரும்பி வந்து பார்த்தபோது பொருத்தே தெரியவில்லை. "பரவாயில்ல, நீ கண்ணாடி மாதிரிப் பூசியிருக்கிறா" என்றார். பஞ்சைப் பற்றி நான் சொல்லவில்லை. அவருடைய குறையை நான் சரிசெய்தேன் என்று எப்படிச் சொல்வது? மரியாதைக்குத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

கார்த்திகை முழுவதும் மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. என் கைவேலை என்று எனக்குள் நல்ல புளுகம்.

மார்கழி மூன்றாவது ஞாயிறு கார்டு ஐயா கதவைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. அடுத்த கதவும் இல்லை. நான்கும் இறுகிக் கிடந்தன. ஜன்னல் வழியாக ஏறி உள்ளே இருந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. அதிகாரிகள் வர ஐந்து நாள் இருந்தது.

அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். "என்ன நானா, கிண்ணியாக்காரருக்கு மட்டுந்தான் திறக்குமோ உங்கட கதவு?"

"திறந்தா உனக்குத்தான் முதல் டிக்கட். அந்த வாய மட்டும் பிளாட்பாரத்தில விட்டுட்டு ஏறு."

"வாயும் நானும் ஒரே டிக்கட்டிலதான் வாறம்."

நானா சிரிக்கவில்லை. கதவைச் சுற்றித் தடவிப் பார்த்தார். "கதவு நிலையே நெருங்கிப்போய்க் கிடக்கு. மழைக்கு எவ்வளவு இடம் விட வேணுமெண்டு கணக்குப் பாத்துத்தானே விட்டனான்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு மெதுவாக, "வயசு போயிட்டுது. அளவு பிழைச்சிட்டன் போல" என்றார்.

அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. மழைக்கு மரம் ஊதும். படகுப் பலகை ஊதினால் பஞ்சை நெரித்து இன்னும் இறுகும். அதுதான் எங்களுக்கு வேண்டியது. இங்கே பலகைக்குள் பலகை நாக்கு நுழைத்துத்தான் அவர் பொருத்தியிருந்தார், இடைவெளி இருந்தாலும் மழை உள்ளே வராது. பலகை ஊத அவர் விட்டுவைத்த அந்த இடத்தை எல்லாம் நான் அடைத்துவிட்டேன். ஊதிய பலகை போக இடமில்லாமல் கதவு நிலையைத் தள்ளியிருக்கிறது. பிழை என்னுடையது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகளே. நின்றுகொண்டிருந்தேன். கார்டு ஐயா, "பரவாயில்லை, ஆருக்கும் வாறதுதானே" என்று நானாவைத் தேற்றினார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நானா பிணைச்சல் ஆணிகளைத் தட்டிக் கழற்றி, முதல் கதவை நெம்பி எடுத்து, ஸ்டேஷனில் ஆட்கள் உட்காரும் வாங்கு இரண்டின் மேல் கிடத்தினார். இழைப்புளியை எடுத்து அலகைத் தட்டிச் சரிபார்த்தார். ஓரத்தைச் சீவி ஒடுக்கினால் கதவு திறக்கும். ஆனால் வெயில் காலத்தில் மரம் சுருங்கும்போது கதவு நிலையில் நிற்காமல் ஆடும். அந்தத் தேக்கை மறுபடி எங்கே தேடுவது? அவர் கதவோரத்தில் இழைப்புளியை வைத்துக் குனிந்தார்.

"நானா, கதவில கை வைக்காதீங்க. பிழை என்ர."

எல்லோரும் திரும்பினார்கள். பஞ்சை, குங்கிலியத்தை, இரண்டு ஞாயிறை, எல்லாவற்றையும் சொன்னேன். நானா சுவரில் ஒரு பொருத்தை ஆணியால் கீறினார். பெயின்ட் உரிந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. அதை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"இத நீ எந்தக் கடல்ல எறக்கப் போறா?" என்றார்.

நான் கீழே விழுந்த பெயின்ட் உரியலைக் காலால் ஒதுக்கினேன்.

"கேக்கிறன், சொல்லு. மூதூருக்குச் சவாரி விடப் போறியா?"

"மழை உள்ள வருமெண்டு நினைச்சனான், நானா."

"எண்ட அளவு பிழையெண்டு நான் சொல்லக்குள்ளயும் நீ பாத்துக்கொண்டுதானே நிண்டா?"

அக்கா குடையை மடக்கிவிட்டு, "நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன்" என்று நானாவிடம் சொன்னார். என்னை அவர் பார்க்கவில்லை.

கார்டு ஐயாதான், "கதையை விடுங்கோ. அஞ்சு நாளைக்குள்ள இவ்வளவு பஞ்சையும் எடுக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

"ஏலாது" என்றார் நானா.

"எடுப்பன்" என்றேன் நான்.

மறுநாள் முதலாளியிடம் நான்கு நாள் லீவு கேட்டேன். இரும்பறுக்கும் வாளின் அலகு இரண்டை நெருப்பில் காய்ச்சி நுனியைக் கொக்கியாக வளைத்து, ஒன்றால் ஒவ்வொரு பொருத்தாகப் பஞ்சை இழுத்தேன். அடிக்கும்போது எவ்வளவு இறுக்கி அடித்தேனோ அவ்வளவுக்கு எடுக்க அடம் பிடித்தது. குங்கிலியம் கல்லாகிக் கிடந்தது. விரல் வெடித்து இரத்தம் வந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். காலை ரயிலில் வந்திறங்கியவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கிண்ணியா பஸ்ஸில் நானா வந்தார். மற்றக் கொக்கியை எடுத்துக்கொண்டு மறுபக்கச் சுவருக்குப் போனார். பின்னேரம், "மேலயிருந்து இழுக்காத தம்பி, கீழயிருந்து இழு" என்றார். கீழேயிருந்து இழுத்தபோது கொஞ்சம் லேசாக வந்தது. மழையும் அன்றோடு விட்டது.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். முதல் கதவைத் திரும்ப மாட்டியிருந்தோம், திறந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் முக்கி முனகித் திறந்தன. நான்காவது, நான்கு விரல் அகலம் வந்து நின்றுவிட்டது.

"இது என்ன?" என்றார் அவர்களில் பெரிய அதிகாரி.

கார்டு ஐயா தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். "அது நான் கெடுத்தது ஐயா. பொருத்தை அடைச்சிட்டன். இப்ப எடுத்தாச்சு. மரம் காய்ஞ்சால் திறக்கும்."

"காயாட்டி?"

"காயும்."

"கதவச் சீவினா இப்பவே திறக்குமே?"

நானா குறுக்கிட்டார். "திறக்கும் சேர். பிறகு மூடாது."

அதிகாரி நான்காவது கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு ஃபைலில் ஏதோ எழுதினார். மூன்று கதவோடு பெட்டியை நடத்தலாம் என்றார். பங்குனியில் திரும்ப வருவார்கள். அப்போதும் நான்காவது திறக்காவிட்டால் பெட்டி இங்கே நிற்காது. அவ்வளவுதான். அக்கா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார், எனக்கும்.

அவர்கள் எல்லோரும் போனபிறகு நான் தனியாகப் பெட்டிக்குள் ஏறினேன். நான்காவது கதவை வருகிற அளவுக்குத் திறந்து பிடித்துக்கொண்டு, மரம் காயக் காய இன்னும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, அது வந்து நின்ற இடத்தில், தரைப் பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.