பத்தரைக்குள்ள கிளம்பின வண்டி

ஆயுத பூஜை அன்னிக்குத் திண்டிவனத்துல எங்க ஷோரூம் வாசல்ல வந்து நின்னு பாருங்க, பேஜாருன்னா என்னன்னு தெரியும். அந்த வருஷம் முப்பத்திரண்டு ஸ்கூட்டர், அத்தனை பேருக்கும் ஒரே நல்ல நேரம். வெள்ளிக்கிழமை வேற. பத்தரைக்கு ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள எல்லா வண்டியும் எலுமிச்சம்பழத்து மேல ஏறி கேட்டைத் தாண்டிடணும்.

"நான் பாத்துக்கிறேன் சார்"னு மேனேஜர் கிட்ட வாய விட்டவ நான்தான். நாலு நாள் முன்னாடியே எல்லாருக்கும் போன் போட்டு, ஆளுக்கொரு நேரம் பிரிச்சேன். "உங்களுக்குத்தான் முதல் வண்டி"ன்னு ஒருத்தர் கிட்டயும் சொல்லல. மத்தவங்க வருஷா வருஷம் அதைச் சொல்லித்தான் வாசல்ல சண்டையே வரும். சர்ச்சுக்குப் போற நாலு பேரைப் பத்தரைக்கு மேல தள்ளிடலாம்னு பாத்தேன். "நாங்க ஜெபம்தாம்மா பண்ணுவோம், ஆனா ராகுகாலம் மட்டும் வேணாம்"னுட்டாங்க. எனக்குச் சிரிச்சு மாளல.

ஒரு வேலை மட்டும் நான் செய்யறதில்ல. சாவியக் கையில குடுக்கறது. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு. சேர்ந்த புதுசுல ஒரு அம்மா என் நெத்தியப் பாத்துட்டு, "வேற யாரையாவது குடுக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லிடுச்சி. அதுல இருந்து விக்கிறது நான், சாவி குடுக்கறது கூட வேலை செய்யற பொண்ணு. வயிறு எரியும். காட்டிக்க மாட்டேன்.

பத்து இருபதுக்கெல்லாம் முப்பத்தொரு வண்டி போயாச்சு. ஒருத்தர் முகம் சுளிக்கல. நான்னா சும்மாவா! மிச்சம் கிளியனூர் அக்காவோடது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற வேலை, தினம் பஸ்ஸுல நின்னுக்கினே போறவங்க. அவங்க குடும்பத்துக்கே இதுதான் முதல் வண்டி. "பத்தரைக்குள்ள கிளம்பலன்னா எனக்கு வேணாம் பாப்பா, மனசு ஒப்பாது"ன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. போன் போட்டா, பஸ் நெரிசல்ல மாட்டிக்கினு நிக்குதாம். அழுதுடுவாங்க போல இருந்துச்சு.

நல்ல நேரத்துல ஆள் கிளம்ப முடியலன்னா, கொண்டு போற பையை மட்டும் முன்னாடியே எடுத்துக்கினு போய் அடுத்த வீட்டுல வைப்போம். கிளம்பினதா கணக்கு. வண்டிக்கும் அதையே செஞ்சா என்ன? ஆனா மேனேஜரும் மெக்கானிக் பசங்களும் ஓட்டத் தெரியாதவங்க வண்டிய வீட்டுல விடப் போயிட்டாங்க, அங்க வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு அப்ப நான் ஒருத்திதான். என் கை பட்டதுன்னு அக்கா வேணாம்னுட்டா? வண்டியும் போச்சு, என் மானமும் போச்சு.

யோசிக்க ரெண்டு நிமிஷம் கூட இல்ல. சாவியப் போட்டேன். பழத்து மேல ஏத்தி, கேட்டைத் தாண்டி, எதிர் டீக்கடை வாசல்ல நிறுத்திட்டு வந்து சாவியத் தட்டுல வச்சப்ப சரியா பத்தரை.

அக்கா பதினோரு மணிக்கு ஓடி வந்தாங்க. "போச்சே பாப்பா"ன்னு படியிலயே உக்காந்துட்டாங்க.

"எழுந்திரிங்கக்கா. உங்க வண்டி பத்தரைக்குள்ளயே கிளம்பிடுச்சி. தோ நிக்குது பாருங்க."

"யாரு எடுத்தது?"

வேற யார் பேரையாவது சொல்லியிருக்கலாம். "நான்தாங்கக்கா"ன்னேன். அவங்க என் முகத்தையே பாத்தாங்க. நானும் தலை குனியல.

அந்தப் பொண்ணு தட்டை நீட்டுச்சி. அக்கா சாவியத் தொடல. "எடுத்தவளே குடுக்கட்டும்"னாங்க.

அன்னிக்குப் போன முப்பத்திரண்டுல அந்த ஒரு சாவியத்தான் நான் குடுத்தேன். ரெண்டு கையாலயும் குடுத்தேன்.