குடை ஜாடியில் ஒரு தாய்

கரடியூர் விடுதியில் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நிற்கிறேன். வாசலில் இடுப்புயரக் கறுப்பு ஜாடி, பழைய கிரேக்க ஜாடி ஒன்றின் நகல். அதில் ஒரு துன்பியல் நாடகக் காட்சி. கணவன் இன்னொருத்தியிடம் போய்விட்டான். அவனைப் பழிவாங்க, பெற்ற மகனின் முடியைப் பிடித்துக் கத்தியை ஓங்குகிறாள் தாய். ஜாடிக்குள் விருந்தாளிகளின் குடைகள்.

படத்திலுள்ள பையனின் நெற்றியில் திருநீறு. மேனேஜர் அதை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே, கூட்டிப் பெருக்கும் அக்காவைத் திட்டுகிறார். "தெனமும் பூசி நாசம் பண்றே!"

"பயந்த புள்ளைக்குப் பூசோணுமுங்க," என்கிறார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேனேஜரிடம் கேட்கிறேன். "இது என்ன படம்னு தெரியுமா?"

"அம்மாவும் பையனும், மேடம். ஃபேமிலியா வர்றவங்களுக்குப் பிடிக்கும்."

குரலை உயர்த்தியே கதையைச் சொல்கிறேன். அவர் துணியை உதறிவிட்டு உள்ளே போகிறார். அக்கா மட்டும் ஜாடியைச் சுற்றிவந்து தேடுகிறார்.

"ஏனுங்க, உட்டுப்போட்டுப் போனவன் எங்கீங்க இதுல?"

"அவனை வரையலீங்க."

"அவனெ ஒளிச்சுப்போட்டு, இவ கையில மட்டும் கத்தியக் குடுத்திருக்கறானுங்க!"

நான் குடைகளை உருவித் தரையில் வீசுகிறேன். அக்கா இடுப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுக்கிறார். பையனுக்கு மறுபடி பூசிய கையோடு, இன்று தாயின் நெற்றியிலும் பூசுகிறார்.