பூப்போட்ட ஆறு கதவுகள்

சமையலறை அலமாரிக் கதவில் பூ செதுக்கலாம் என்று முதலில் சொன்ன மகராசன் யாரோ, அவன் கையில் பழைய டூத் பிரஷைக் கொடுத்து ஒரே ஒரு நாள் என் அக்காவோடு வேலைக்கு அனுப்ப வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சமையலறை துடைப்பது எங்கள் பிழைப்பு. நான் தரை, அக்கா அலமாரி. இருபத்திரண்டு வருஷமாகச் சட்டம் வைத்த கதவு, வரி ஓடும் கதவு, கொடி படர்ந்த கதவு என்று அவள் தேய்க்காத கதவு இல்லை. வீட்டுக்காரர்களுக்கு அது டிசைன். எங்களுக்கு அது எண்ணெய்ப் பிசுக்குச் சந்து. மாவு, முடி, கரப்பான் கால் எல்லாம் ஊறிப் பழுப்புப் பசையாய் நிற்கும். சுரண்டினால் நகக்கண்ணில் ஏறும். சாப்பிட உட்கார்ந்தாலும் விரலில் அந்த வாடைதான். தூ!

மணிக்கட்டு வீங்கிப்போன அக்காவுக்கு ஒரே ஆசை. துணித் திரை தொங்கும் தன் அடுப்படிக்கு வழவழவென்று கதவு வேண்டும், ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். அத்தானோ தச்சர், ஊருக்கெல்லாம் கதவு மாட்டுகிறவர். அவள் அடிமேல் அடி வைத்ததில் ஒருவழியாக அம்மி நகர்ந்தது.

அன்று நாங்கள் வேலை முடிந்து வந்தபோது அத்தான் ஆறு கதவும் மாட்டியிருந்தார். கதவுக்குக் கதவு பூ, கொடி, ஓரமெல்லாம் இரட்டை வரி.

"எப்படி? எல்லாம் கையால செதுக்கினது. பெரிய பெரிய வீட்லகூட இப்படிக் கிடையாது!" அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா ஒரு கொடியின் வளைவில் நகத்தை விட்டுப் பார்த்தாள். அந்தப் பசை வாடை நினைவு வந்ததோ என்னவோ, நேரே சிங்க்குக்குப் போய் ஓங்கரித்தாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"இதை யாருங்க துடைப்பா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அந்த மனுஷன் மண்டையில் ஏறியதே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு கதவைத் திறந்து உட்பக்கத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"கழட்டித் திருப்பி மாட்டுங்க."

"பைத்தியமா உனக்கு? கீல் பதிச்ச குழியெல்லாம் வெளிய தெரியும். நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க!"

"சிரிக்கிறவங்க வந்து துடைக்கட்டும்."

இப்போது பூவெல்லாம் உள்ளே பாத்திரங்களுக்குக் காட்சி கொடுக்கிறது. வெளியே கதவுக்கு இரண்டு வட்டக் குழி. அதை அடைக்க அக்கா விடவில்லை. கதவை அவள் ஒரே இழுப்பில் துடைப்பாள். குழிகள் அத்தான் பொறுப்பு. டூத் பிரஷை அவளே கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து முதல் குழியைச் சுரண்டியவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ச்சீ! என்ன கர்மம்டி இது?"

"பன்னிரண்டே பன்னிரண்டு குழிங்க," என்றாள் அக்கா, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு. "தேய்ங்க."