வெள்ளைப் பொடியும் எலுமிச்சைத் தோலும்

தொண்டையைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்கும் ஒரு நெடி உண்டு. எனக்கு அது தென்னூர் வீட்டுக் குளியலறையின் நெடி. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தெரு முழுக்க "போர் தண்ணி"தான். அது தரையில் விட்டுப்போன உப்புக்கறையைப் பொங்கலுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று, ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா ஆசிட்டை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் வராத" என்று இரண்டு முறை சொல்லியும் இருந்தாள்.

எனக்கோ உதவி செய்ய ஆசை. சாக்கடை ஓரமாக வெள்ளைப் பொடி தூவிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பிளீச்சிங் பவுடர் எங்கள் வீட்டிலும் ஒரு டப்பாவில் இருந்தது. அம்மா அந்தப் பக்கம் குனிந்திருந்த நேரத்தில் அதை எடுத்துவந்து ஈரத் தரையில் கவிழ்த்தேன்.

பொடி நுரைத்தது. மஞ்சளும் பச்சையுமாகப் புகை தரையோடு தரையாகப் பரவியது. திரும்பிப் பார்த்த அம்மா ஒரே பாய்ச்சலில் என்னை வெளியே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் அவளே வழுக்கி உள்ளே விழுந்தாள். இருமினாள், இருமினாள், பிறகு இருமவும் மூச்சில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். நான் எப்படிக் கத்தினேனோ தெரியாது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அத்தை ஓடிவந்து, "யா அல்லா!" என்று துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, அம்மாவைக் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துப்போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என்னை மடியோடு அணைத்து "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்றார்.

அரியமங்கலம் பட்டறையிலிருந்து அப்பா கிரீஸ் கையோடு வந்து நின்றார். "எதை எதோட கலந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "நான்தாங்க, தெரியாம பவுடரையும் போட்டுட்டேன்" என்றாள். ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

நான்காம் நாள் வீடு திரும்பியவளுக்குக் கடையில் வாங்கிய கிளீனர் பாட்டில் எதைத் திறந்தாலும் இருமல் பிடித்துக்கொண்டது. அதனால்தான் எங்கள் வீட்டில் கழுவும் முறையே மாறியது: தரைக்குப் பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீர், குழாய்க் கறைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடா. பாத்திரம் கழுவ எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் போட்டு மூன்று மாதம் ஊறவைப்பாள். தினமும் அந்த ஜாடி மூடியைத் தளர்த்தும்போது "புஸ்" என்று காற்று வெளியேறும். நான் தெருவுக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மோந்து பாரு. இது உன்ன ஒண்ணும் பண்ணாது." மூச்சை அடக்கி அடக்கி, முடியாமல் விட்டு இழுத்தேன். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. அந்தப் பயம் அன்று தெளிந்தது.

இன்னொரு பயம் தெளியவில்லை. அம்மா இருமும்போதெல்லாம், யார் வந்திருந்தாலும், "படிச்சவ, ரெண்டையும் கலக்கக்கூடாதுன்னு தெரிய வேணாமா?" என்பார் அப்பா. அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள். இப்போது சொல்லிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்ப்பேன். அவள் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. வருடங்கள் போயின.

இப்போது இருவரும் ஸ்ரீரங்கத்தில் என்னோடு இருக்கிறார்கள். தென்னூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மும்தாஜ் அத்தை காலமாகிவிட்டார். போன பொங்கலுக்கு வீடு கழுவும்போது அப்பா அதே பேச்சை என் மகளிடம் தொடங்கினார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"போட்டது அம்மா இல்லப்பா. நான்."

அப்பா மெல்ல எழுந்து, அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சமையலறைக்குப் போனார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சின்னப் பொண்ணுதானேங்க. ரொம்ப பயந்து போயிருந்தா" என்றாள் அம்மா, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அவளருகே வந்து நின்று, "நீ உக்காரு, நான் தேய்க்கிறேன்" என்றார். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் ஒலித்த அந்த ஏச்சு அன்றோடு இல்லாமல் போனது.