38சி என்றால் ரோல் தீர்ந்தது

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்கே எந்த 'ர' போடுவது என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதில் வரும் எண்களுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை.

திருபுவனையில் ஷாம்பு பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டுகிறேன். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து தினமும் வண்டியில் போய் வருகிறேன். மெஷினில் ஃபிலிம் ரோல் மேலே இருக்கும். ஃபிலிம் கீழே இறங்கும்போது சூடான இரண்டு தாடைகள் அதைக் கடித்து ஒட்டும், ஷாம்பு நிரம்பும், கத்தி வெட்டும். இதையெல்லாம் நடத்துவது பக்கத்திலுள்ள சாம்பல் நிறப் பெட்டி. மெஷின் நின்றால் பெட்டியின் திரையில் எட்டு இலக்கத்தில் ஓர் எண் வரும். நடுவில் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஏ முதல் எஃப் வரைதான். அதைத் தாண்டி ஓர் எழுத்தும் நான் பார்த்ததில்லை. எண்ணின் முன்பகுதி மாறாது, கடைசி மூன்றுதான் மாறும்.

அந்த எண்ணை மெயின்டனன்ஸுக்குப் போனில் சொல்ல வேண்டும். எனக்குப் போனில் பேச நாக்கு எழாது. அதனால் நோட்டில் எழுதி, நடந்துபோய்க் காட்டுவேன். இடது பக்கம் எண், வலது பக்கம் நான் கண்ணால் பார்த்தது. ரோல் தீர்ந்தால் 2பி4. தாடை கடித்தபடியே நின்றுவிட்டால் 4சி8. பக்கத்து மெஷின்காரர் வீராம்பட்டினத்துக்காரர். நான் நோட்டை எடுக்கும்போதெல்லாம், "இன்னாபா, லாட்டரி நம்பரா? அடிச்சா எனக்குப் பாதி" என்பார்.

ஒரு நாள் பெட்டியைச் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பென்டிரைவைச் சொருகி, புதிய புரோகிராம் ஏற்றிவிட்டுப் போனார். அடுத்த ஷிப்டிலேயே எண்கள் மாறின. ரோல் தீர்ந்தால் 38சி. தாடை நின்றால் 5ஏ0. நோட்டில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே புதிய எண்களை எழுதிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அது என் குற்றம்தான்.

அதன் பிறகு தாடை அடிக்கடி நின்றது. மேனேஜர் 5ஏ0வைப் போட்டோ எடுத்துப் பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பினார். பதில் வந்தது. அந்த எண் பாதுகாப்புக் கதவைச் சோதிக்கும் இடத்தைக் குறிக்கிறதாம். மெஷின் ஓடும்போதே ஆபரேட்டர் கதவைத் திறக்கிறாராம். எங்கள் கம்பெனியில் அதற்கு மன்னிப்பே கிடையாது. விரல் போகிற வேலை அது.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. ஓடும் மெஷினின் கதவைத் திறந்தது என் தவறு என்று அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுடுபா. வார்னிங்கோட முடிச்சிடறேன். போடலன்னா நீ கேட்டுக்குள்ள வர வேணாம்."

"நான் தொறக்கல சார்."

"நீ சொல்ற. பெட்டி வேற சொல்லுதே."

"பெட்டி நம்பர்தான் சார் சொல்லுது. கதவுன்னு சொன்னது அவங்க."

அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பேனாவை எடுக்கவில்லை. பெட்டிக் கம்பெனி இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதுவரை யோசிக்கச் சொல்லி மேனேஜர் அனுப்பினார். வீட்டில் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், திறந்தாயா என்று. இல்லை என்றேன். அப்புறம் எதற்குப் போடணும் என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள்.

இன்ஜினியர் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண். மெஷின் அருகே லேப்டாப்பைத் திறந்தார். எண் எப்படிம்மா கதவாகிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புரோகிராம் எழுதும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வைப்பார்களாம். மெஷினுக்குப் பெயர் தேவையில்லை, வேலை எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண் போதும். அதனால் மெஷின் மொழிக்கு மாற்றும்போது, எந்த எண்ணில் எந்தப் பெயர், எழுதியதில் எத்தனையாவது வரி என்ற பட்டியலைத் தனி ஃபைலாக எடுத்து வைப்பார்கள். சிம்பல் ஃபைல் என்று பெயர். பெட்டியில் இடம் குறைவு என்பதால் அதை உள்ளே ஏற்றுவதில்லை. பெட்டி எண்ணைக் காட்டும், அவர்கள் ஆபீஸில் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொல்வார்கள்.

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. நடுவில் இரண்டு வீடுகள் புதிதாக எழும்பியதும் கதவு எண்களை மாற்றினார்கள். பழைய பட்டியலை வைத்திருந்த கேஸ்காரர் என் சிலிண்டரை வேறு வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். எண்ணும் சரி, தெருவும் சரி. பட்டியல்தான் பழையது.

"உங்க லிஸ்ட் எப்ப எடுத்ததும்மா? பென்டிரைவ் போடறதுக்கு முன்னயா, பின்னயா?"

பார்க்க வேண்டும் என்றார். நேரம் வீணாகிறது என்றார் கூடவே நின்ற மேனேஜர். நான் நோட்டைப் பிரித்தேன்.

"38சி போட்டுப் பாருங்கம்மா. இன்னா பேரு வருதுன்னு."

தட்டிப் பார்த்தார். தேதி அச்சடிக்கும் வேலை என்று வந்தது. நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. போய் மெஷினை ஓட்டினேன். கத்தியால் ரோலுக்குக் கீழே ஃபிலிமை அறுத்தேன். வால் உள்ளே போய்த் தீர்ந்தது, மெஷின் நின்றது. திரையில் 38சி. தேதி அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

இன்ஜினியர் என் நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டார். 2பி4க்கும் 38சிக்கும் உள்ள தூரமும், 4சி8க்கும் 5ஏ0க்கும் உள்ள தூரமும் ஒன்றேயாம். புதிய புரோகிராமில் முன்னால் எதையோ சேர்த்ததால், பின்னால் இருந்ததெல்லாம் அதே அளவு தள்ளிப்போயிருக்கிறது. பெட்டியில் உள்ள புரோகிராமுக்கும் ஃபைலுக்கும் ஒரே அடையாள எண் இருக்க வேண்டுமாம். அதை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பழைய ஃபைல் என்று அப்போதே தெரிந்திருக்கும். ஆபீஸில் யாரும் ஒப்பிடவில்லை. போன் செய்து சரியான ஃபைலை வரவழைத்தார். இப்போது 5ஏ0 என்றால் தாடையின் சூட்டை அளக்கும் வேலை, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. சூடு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் புரோகிராம் அங்கேயே நின்றிருக்கிறது. கதவு என்ற பேச்சே அங்கு இல்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணே, இதுவும் சிம்பல் டேபிள்தான். நாங்க கொண்டாந்தத விட கரெக்டா இருக்கு" என்றார்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. போய் மெஷினைப் பார் என்றார். அன்று மாலை அவர் அறைக்கு நானாகவே போனேன். கூப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பேப்பர் எனக்கு வேணும் சார்."

"எதுக்குபா? கிழிச்சிடலாம்னு வெச்சிருக்கேன்."

"கிழிக்க வேணாம். குடுங்க."

கொடுத்தார். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். இடம் போதாமல் மீதியை நான்கு நாளாக நோட்டில் எழுதுகிறேன். முன்பக்கத்தில், அந்த அச்சடித்த பொய்க்குக் கீழே, கையெழுத்துக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. கையெழுத்துக் கோடு காலியாகவே இருக்கும். தேதியை அங்கேயும் எழுதவில்லை. இங்கே, நான் எழுதியதற்குக் கீழே எழுதுகிறேன்.

ஆனி மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.