கறிவேப்பிலைத் தொட்டியில் குடிவந்தவன்

எடிசன் என்ற அமெரிக்க ஊரில் இருக்கும் ராஜலக்ஷ்மிக்குப் பெற்ற பிள்ளைகள் இரண்டு. மூன்றாவது, கறிவேப்பிலைச் செடி. போன குளிரில் பழைய செடி பட்டுப்போனபோது துக்க வீடுபோல அடுப்பே மூட்டவில்லை அவள். பார்க்கச் சகிக்காமல் மகள் ஸ்ம்ருதி ப்ளோரிடாவிலிருந்து இடுப்பளவுச் செடி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தாள். குளிர் விடுமுன்பே வந்ததால் தொட்டி நேரே ஹாலுக்குள் ஜன்னலோரம் ஏறிவிட்டது. விளக்கு வைத்த பிறகு அதை யாரும் தொடக் கூடாது, செடி தூங்கும். ராஜலக்ஷ்மி பிறந்த வீட்டில் பெரியம்மா, சின்னம்மா எல்லாருக்கும் அதுதான் சட்டம்.

செடி வந்த வாரமே, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் விசில் கிளம்பியது. "கோ... கீ!" விடிந்தால் கப்சிப்.

கணவர் ஸ்ரீநிவாசன் ரிட்டயர்டு இன்ஜினியர். அவளுக்கு அத்தை மகனும்கூட. ஆகவே அவரைத் திட்ட அவளுக்கு இரண்டு வழியில் உரிமை. அவர் ஸ்மோக் அலாரத்துக்குப் பேட்டரி மாற்றினார், பிரிட்ஜை நகர்த்தினார். ஹீட்டர் ரிப்பேர்காரனோ பகலில் வந்து காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனான்.

"ராஜி, செடிப் பக்கம்தான் கேக்குது. டார்ச் அடிச்சு செக் பண்ணிடறேன்."

"விளக்கு வெச்சாச்சு. தொட்டீங்கன்னா பாருங்க."

"அப்ப காலைல கராஜுக்குத் தூக்கிடுவேன். அது ஃபைனல்."

"கராஜ்ல ஹீட் கிடையாது. ஒரே நாள்ல செத்துடும்! நீங்க போய் அங்க படுங்களேன்."

தூக்கம் கெட்ட மனிதர், சொன்னால் செய்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்து, வீடு மாறி வந்த பார்சலைக் கொடுக்க அடுத்த வீட்டு கார்மென் மணியடித்தாள். கதவைத் திறந்ததும், "கோ... கீ!"

கார்மென் போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரி. பார்சலை அங்கேயே நழுவ விட்டாள். "ஐயோ, எங்க ஊர்த் தவளை!" என்று இங்கிலீஷில் கூவியபடி ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடி, ராஜலக்ஷ்மி வாய் திறக்குமுன் செடிக்குள் கையை விட்டுவிட்டாள். போன் வெளிச்சத்தில், அடி இலைக்குக் கீழே, செடியோடு ப்ளோரிடாவிலிருந்தே ஏறி வந்த நெல்லிக்காயளவு பழுப்புத் தவளை.

"இத்தனூண்டா? இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"ஏன், உங்க தங்கச்சி மட்டும் என்ன உயரமாம்?" என்றாள் ராஜலக்ஷ்மி.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் கார்மெனிடம், "ப்ளீஸ், எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கெஞ்சினார்.

"இதுக்கு ஈரமான செடி வேணுமே. தொட்டியோட குடுங்க, நான் வளக்கறேன்" என்றாள் கார்மென்.

ராஜலக்ஷ்மி தொட்டியைக் கட்டிக்கொண்டாள். "செடிய யாருக்கும் தர மாட்டேன். தவளை இங்கயே இருக்கட்டும். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க குறட்டைய நான் கேட்டுட்டு இருக்கலையா?"

ஸ்ரீநிவாசன் தலையணையும் கையுமாக பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனவர்தான், இன்னும் மேலே வந்து படுக்கவில்லை.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் கார்மென் வந்து, தொட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்கிறாள். ராஜலக்ஷ்மி காபி கொடுக்கிறாள். எழுந்து போகும்போது, பீன்ஸ் குழம்பில் போட ஒரு கொத்துக் கறிவேப்பிலை கார்மென் கேட்டால் மட்டும் ராஜலக்ஷ்மியின் முகம் மாறிவிடும்.

"விளக்கு வெச்சாச்சும்மா. காலைல வா."